சங்குப்பூவுக்கு ஒரு சமாதானக் கடிதம்

"இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?"

"ரெண்டுமே மங்கலாத்தான் இருக்கு சார்."

கண்ணாடிக் கடையில் பார்வைப் பரிசோதனை. மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தைச் சுமந்தபடி வாடிக்கையாளர் சுவர் எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரரின் கண்ணோ மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கைபேசியில். அதில் அவருடைய நகரத்தை விட்டு முப்பத்தேழு குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தன.

"போச்சு! எல்லாம் போச்சு!"

"என் கண்ணா சார்?" வாடிக்கையாளர் பாதி எழுந்துவிட்டார்.

பத்து வருடமாக 'முற்றுகை' என்ற கைபேசிப் போர் விளையாட்டில் கடைக்காரரை அசைக்க ஆள் கிடையாது. அவரோடு மூன்று நண்பர்கள். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒருவருக்கு விளையாட்டில் 'இடி' என்று பெயர். வக்கீல் குமாஸ்தாவுக்குச் 'சூறாவளி'. அதிகம் வாய் திறக்காத பல் டாக்டருக்குக் 'கருநாகம்'. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடையின் பின்னறையில் நான்கு பேரும் கூடுவார்கள். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுகிற மனிதர்கள், அங்கே உட்கார்ந்து யார் ஊரைக் கொளுத்தலாம் என்று திட்டம் போடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. 'இனி எல்லோரும் விளையாடலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததுமே கடைக்காரர் பயந்துபோனார். பயந்தது சரியாகப் போயிற்று. இதில் படை கடைசியில்தான். முதலில் கிணறு, பிறகு சாக்கடை, தெருவிளக்கு, அப்புறம் மக்களின் வழக்கு வேறு தீர்த்து வைக்க வேண்டும். ஆட்சி பிடிக்காவிட்டால் குடிமக்கள் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள்.

"வாளைக் கேட்டா வாய்க்காலைக் குடுக்கறானுங்க," என்று முதல் வாரமே இடி குமுறினார். "இது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்ல அண்ணே. பொம்பளைங்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் பண்ணியிருக்கான். நான் விலகிக்கறேன்."

சூறாவளியும் கழன்றுகொண்டார். கருநாகம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பின்னறையில் மூன்று காலி நாற்காலிகளுக்கு எதிரே கடைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு நண்பர்கள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் புதிதாக யாரைத் தேடிப் பிடிப்பது? பழைய முறையிலேயே போரிட்டு இந்த இரண்டாம் பாகத்தையும் ஜெயித்துக் காட்டினால் மூவரும் திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போட்டார். அதுவரை தெரிந்தால் மானம் போய்விடும் என்று 'வழிப்போக்கன்' என்ற புதுப் பெயரில் நுழைந்தார்.

விளையாட்டில் பக்கத்து ஊர்த் தலைமை 'சங்குப்பூ' என்ற பெயரில் யாரோ. இவர் மக்களெல்லாம் அங்கேதான் ஓடினார்கள்.

மதில் கட்டினார். மக்கள் சுரங்கம் தோண்டினார்கள். வேவு பார்க்க ஒற்றர்களை அனுப்பினார். 'இங்கே தண்ணீர் நன்றாக வருகிறது, எங்கள் குடும்பத்தையும் அனுப்பி வைக்கவும்' என்று ஒற்றர்கள் எழுதினார்கள். பொறுத்தது போதுமென்று ஐந்நூறு குதிரை வீரர்களை ஏவினார். சங்குப்பூ கோட்டைக் கதவைத் திறந்து, குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்ததாகத் தகவல் வந்தது. குதிரைகள் மட்டும் திரும்பி வந்தன. மறுநாள் அவையும் போய்விட்டன.

கடையிலும் நிலவரம் சரியில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் வந்து பொறுமையாகச் சொன்னார். "சார், நீங்க குடுத்த கண்ணாடியில ஸ்டியரிங் பளிச்சுன்னு தெரியுது. ரோடுதான் தெரியல."

அன்று மாலை கடைக்காரருக்குப் பொறி தட்டியது. மனைவி குடிநீர் வாரியத்தில் பொறியாளர். சாக்கடை சாஸ்திரம் வேறு யாருக்கு இவ்வளவு அத்துப்படி?

"நீதானே சங்குப்பூ?" என்று வாசலிலேயே மறித்தார்.

மனைவி தோள் பையை இறக்கினாள். "நாள் பூரா ஆபீஸ்ல குழாய்ப் பஞ்சாயத்து. வீட்டுக்கு வந்தும் அதையேவா விளையாடுவேன்? எனக்கென்ன பைத்தியமா?"

நியாயமாகத்தான் பட்டது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அவள் கைபேசியில் அவர் ஊரின் வரைபடத்தைப் பார்த்தாள். "கிணத்துக்கு மேட்டுல சாக்கடை வெட்டியிருக்கீங்க. நானா இருந்தாலும் ஓடிருப்பேன். பேசாம சமாதானமாப் போங்க."

"அது ஒரு பொம்பளைதான். இவ்வளவு பொறுமை ஆம்பளைக்கு வராது."

"பொம்பளையாவே இருந்தா மரியாதையா எழுதுங்க. சொல்றேன், தட்டுங்க."

'மதிப்பிற்குரிய சகோதரி' என்று தொடங்கிய கடிதம் போனது. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் மக்கள் நலம். குதிரைகளும் நலம். ஞாயிறு காலை எங்கள் ஊரைச் சேர்ந்து நடத்தும் பொறுப்பாளர்கள் முதல்முறையாக நேரில் சந்திக்கிறோம். பேருந்து நிலையத்துக்கு எதிர் பேக்கரி, மாடி. நீங்களும் வாருங்கள்.'

ஞாயிறன்று அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். மனைவி புருவத்தைத் தூக்கினாள். "எதுக்கு இவ்வளவு அலங்காரம்?"

"சரணடையப் போறவன் கசங்கலாவா போறது?"

பேக்கரி மாடியில் ஒரு நீள மேசை, ஐந்தாறு நாற்காலிகள். ஒரு கூடை ஆப்பிளோடு கடைக்காரர் ஓரமாக உட்கார்ந்தார். படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மேலே வந்தவர் இடி. கையில் சுருட்டிய ஊர் வரைபடம், காதில் பென்சில்.

இருவரும் விறைத்துப் போனார்கள்.

"அண்ணே! நீங்க எங்க இங்க?"

"சும்மா... பன் வாங்கலாம்னு. நீ?"

"நானும் பன்னுதான்." இடி வரைபடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவ்வளவு பெரிய முதுகுக்கு அது சிரமமில்லை.

அடுத்து சூறாவளி வந்தார். இருவரையும் பார்த்தவர் வந்த வழியே திரும்பப் போனார். பாதிப் படியில் யோசித்துவிட்டு மேலே வந்தார். "இங்க பன் நல்லாருக்கும்னாங்க," என்றார் சுவரைப் பார்த்து.

மூவரும் பன்னைப் பற்றிப் பேசினார்கள். பேச அதில் அதிகம் இல்லை. அப்போது கருநாகம் மூச்சிரைக்க மேலேறி வந்து, யாரையும் சரியாகப் பார்க்காமல் வாசலிலிருந்தே கேட்டார். "மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. இதுல சங்குப்பூ யாருங்க?"

இடியின் தடித்த கை மெல்ல மேலே போனது.

"நீயா?" கடைக்காரர் எழுந்தே விட்டார். "பொம்பளைங்க விளையாட்டுன்னு சொன்னது நீதானேடா? நான் அந்த ரூம்ல தனியா உக்காந்திருந்தேன், தெரியுமா?"

"எப்படிண்ணே சொல்றது? வாய்க்கால் வெட்டப் பிடிச்சிருக்குன்னா நீங்க சிரிப்பீங்க. உங்களுக்குச் சண்டைன்னா உயிராச்சே."

"எனக்கா?" கடைக்காரர் திகைத்தார். "அந்தக் கூச்சலைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடங்கும். உன் மீசையைப் பாத்து, உனக்குச் சண்டை பிடிக்கும்னுதானே நான் ஒவ்வொரு வாரமும் திட்டம் போட்டேன்?"

"எனக்கு எங்கண்ணே பிடிச்சுது? நான் சூறாவளிக்காகப் போட்டேன்."

சூறாவளி தலைகுனிந்தார். "நான் கருநாகத்துக்காக. அவர் பேசவே மாட்டாரு. உள்ளுக்குள்ள ரொம்ப வெறியோன்னு நினைச்சேன்."

மூவரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நாம கொளுத்துன நூத்திப் பதினாலு ஊரையும் யாருக்காகய்யா கொளுத்துனோம்?"