பாடம் பார்த்தவரே வகுப்புக்கு வரலாம்

மாண்புமிகு சுற்றறிக்கை ஒன்று சென்ற ஜூலையில் எங்கள் மயிலாப்பூர் பள்ளிக்கு எழுந்தருளியது. இனிமேல் ஆசிரியர் பள்ளியில் பாடம் நடத்தக் கூடாது. வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் அதை வீட்டில் பார்த்து, செயலியில் ஐந்து கேள்விக்குப் பதில் அழுத்தி, மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தானாம். அங்கே வீட்டுக்கு எத்தனை போன் என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியன் சிதம்பரநாதனாகிய நான், இருபது வருடமாக மந்தைவெளியில் குடியிருப்பவன். நூறு சதவீதம் பேர் பார்க்காவிட்டால் ஆசிரியருக்குச் செங்கல்பட்டுக்கு அப்பால் மாறுதல் என்று கடைசி வரியில் இருந்தது. எனக்குப் புதுமையின் மேல் உடனே பக்தி வந்துவிட்டது.

முதல் வீடியோ, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு. முப்பத்தெட்டுப் பேரும் பார்த்ததாகச் செயலி சொன்னது. அதிலும் மணிமொழி நூற்றுக்கு நூறு. பாராட்டக் கண்காணிப்பு அலுவலர் தமிழ்மாறனே நேரில் வந்துவிட்டார்.

"குழந்தைத் தொழிலாளர்னா யாரும்மா?" என்று அவளைக் கேட்டார்.

மணிமொழி திருதிருவென்று விழித்தாள். "தெர்லியே சார். வூட்ல ஒரே போனு. அம்மா அத்த வேலைக்கு எடுத்துக்கினு போய்டும். அதான் பாத்திரம் தேய்ச்சிக்கினே பாத்துச்சு. கேள்விக்கும் அதான் அமுக்குச்சு."



அலுவலர் நெற்றியைத் தடவினார். "செயலி தவறு செய்யாது. பாடம் கற்றவர் யார்? தாயார். வீட்டுப்பாடம் செய்ய வேண்டியவர் யார்? பாடம் கற்றவர். ஆகவே நாளை முதல் தாயார் வகுப்புக்கு வரட்டும்."

"அப்போ இந்தப் பொண்ணு, சார்?" என்றேன்.

"அவர் இந்தத் திட்டத்தின் பயனாளி அல்லவே!"

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அருமையான தீர்வு, ஐயா" என்று மூன்று வார்த்தை சொன்னேன்.

மறுநாள் காலை மணிமொழியோடு அவள் அம்மா செண்பகம் வந்து நின்றாள்.

"அஞ்சாப்போட நிறுத்தினாங்கோ சார் என்னிய. படிக்க ஆசையாத்தான் கீது. ஆனா நான் இங்க குந்திக்கினா, உங்க வூட்டயும் சேத்து நாலு வூட்டு பாத்திரம் யாரு தேய்ப்பா? ரெண்டு நாள் போவலன்னா வேற ஆள வெச்சிடுவாங்கோ."

"நான் போறேம்மா" என்றாள் பதிமூன்று வயது மணிமொழி. புத்தகப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டாள். வருகைப் பதிவேட்டில் ஓர் இடம்கூடக் காலியாகவில்லை.

செண்பகம் கவனமாகத்தான் எழுதினாள். 'பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம்' என்ற வரியில் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் செங்கல்பட்டு ரொம்ப தூரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "அவ அம்மாவைவிட இவ சுத்தமா தேய்க்கிறா. இனிமே இவளே வரட்டும்."

எனக்கு நேரமில்லை. அடுத்த வீடியோ, கட்டாயக் கல்வி உரிமை. போனை ஸ்டாண்டில் மாட்டி, தொண்டையைச் செருமி, "எந்தக் குழந்தையும் பள்ளிக்கு வெளியே நிற்கக் கூடாது" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். சமையலறையில் தட்டு ஒன்று விழுந்து உருண்டது. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

"சத்தம் போடாம தேய்ம்மா" என்றேன். "பாடம் நடக்குது இல்ல?"