லிட்டர் மாப்பிள்ளை

உலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு, வைத்திருக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் 'வாங்கப்போகிறவர்' என்று ஓர் இனம் இருக்கிறது. அவரை உங்களுக்கும் தெரியும். ஆபீஸில் அடுத்த மேஜையிலோ, மாடி வீட்டிலோ, உங்கள் நேரம் சரியில்லை என்றால் உங்கள் குடும்பத்துக்குள்ளேயோ இருப்பார். எனக்கு நேரம் சரியில்லை. அவர் என் தங்கையின் கணவர்.

அவர் வாங்கப்போவது சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. விளையாடுவதற்கான கம்ப்யூட்டர். அதிலும் கைக்கடக்கமாக இருக்க வேண்டும், ஆனால் ஆளுயரப் பெட்டி செய்கிற வேலை அத்தனையும் செய்ய வேண்டும். இதைத்தான் கடையில் ரெடியாக விற்கிறார்களே என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டு, அன்று மாலை முழுவதும் பதில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, அது இதோடு ஒத்துப்போகுமா, இது அதோடு சண்டை போடுமா என்று நாலு பேரிடம் விசாரித்து, நாலு பேரும் நாலு விதமாகச் சொன்ன பிறகு ஐந்தாவது ஆளைத் தேடிப் பிடித்து, கடைசியில் தன் கையாலேயே பூட்டினால்தான் அதற்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். மற்றதெல்லாம் டப்பா.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நாம் பாலையும் எண்ணெயையும் லிட்டரில் அளப்போம். இவர்கள் கம்ப்யூட்டரை லிட்டரில் அளப்பார்கள். பெட்டி எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கு அதுதான் கணக்காம். "பன்னெண்டு லிட்டர்ல எவன் வேணா கட்டுவான் மச்சான். ஏழு லிட்டர்ல கட்டணும். அதான் வித்தை." நாங்கள் அவருக்கு லிட்டர் மாப்பிள்ளை என்று பெயர் வைத்து வெகுநாளாகிறது. அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, எப்போது வாங்குவார்? "அடுத்த மாசம் புதுசு வருது, இப்ப வாங்கினா முட்டாள்தனம்" என்பார். புதியது வந்துவிடும். "முதல்ல வர்றதுல கோளாறு இருக்கும், கொஞ்சம் பொறுப்போம்" என்பார். கோளாறைச் சரி செய்துவிடுவார்கள். "இனிமே வாங்கினா பழசு" என்பார். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஆரம்பத்தில் இவரைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு தலையை மட்டும் தூக்கினார். இப்போதெல்லாம் "இன்னைக்கு எதை அளக்கணும் சார்?" என்று அளவு டேப்பை எடுத்து நீட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறார்.

இவ்வளவோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இதில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். அவருடைய மகள்.

பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். லீவு முடிந்ததும் வேறு ஊரில் கல்லூரி, ஹாஸ்டல். அவள் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது ஒரு விளையாட்டு. இரண்டு பேர் ஒரு குகைக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருத்தர் மேலே நின்று கயிற்றைப் பிடித்தால்தான் மற்றவர் ஏற முடியும். தனியாக விளையாடினால் ஓர் அடி நகராது. அதை அப்பாவோடுதான் விளையாட வேண்டும் என்று வைத்திருந்தாள். அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த லீவுல, நம்ம புது மெஷின்ல, நீயும் நானும். முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

"பழைய லேப்டாப்லயே ஓடும்பா."

"ஓடும்மா. ஓடுறது வேற, ஓடுற மாதிரி ஓடுறது வேற."

அந்தப் பெண் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கை அகலச் சாமான் ஒன்று வரும். அதற்கு ஓர் அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி இன்னோர் அட்டைப்பெட்டி. ஒன்றையும் தூக்கிப் போடக் கூடாது. ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியிருக்கும், பின்னால் விற்க வேண்டியிருக்கும். காலிப் பெட்டிகள் முதலில் கட்டிலுக்கு அடியில் போயின, பிறகு அலமாரிக்கு மேலே ஏறின, கடைசியில் மகள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோவதற்காக எடுத்துவைத்திருந்த சூட்கேஸுக்குள்ளும் புகுந்துகொண்டன. "வீட்ல இடம் இல்லன்னுதானே சின்னதா வாங்குங்கன்னு சொன்னேன்?" என்றாள் என் தங்கை. அவர் அதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் சுழலப்போகிற குட்டி விசிறி ஒன்றின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார்.

பூட்டுகிற நாளன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். தரையில் வெள்ளைத் துணி விரித்து, திருகாணிகளைச் சின்னக் கிண்ணங்களில் வகைவாரியாகப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, எங்களை அதிகம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். மதியத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விட்டது. பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, திரையில் படம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானே கைதட்டினேன். மகள் ஓடிப்போய், விளையாடும்போது கையில் பிடிக்கிற கன்ட்ரோலர்கள் இரண்டைக் கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளை மூடியைப் போட்டார். மூடவில்லை.

திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டை அளந்தவர், பெட்டியை அளந்தவர், இரண்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளியைக் கூட அளந்தவர், அந்தக் கார்டில் செருகுகிற வயர் வளைந்து திரும்ப ஒரு விரற்கடை இடம் வேண்டும் என்பதை மட்டும் அளக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"மூடி இல்லாமலே ஓடுதேப்பா. வாங்க, விளையாடலாம்." மகள் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டாள்.

"மூடாம எப்படிம்மா?"

"மூடியா விளையாடப் போகுது?"

சட்டை போடாமல் ஆபீஸுக்குப் போகச் சொன்னதுபோல அவளைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் அவளோட விளையாடிட்டு அப்புறம் கழட்டக் கூடாதா?" என்றேன்.

"ஆரம்பமே கோணலா இருக்கக் கூடாது மச்சான்" என்றார்.

பக்கவாட்டில் மடங்குகிற மாதிரி வயர் ஒன்று வேண்டுமாம். அது எங்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். அதற்குள் லீவு கரைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நான் போனபோது, மகளும் என் தங்கையும் பழைய லேப்டாப்பை முக்காலியில் வைத்துக்கொண்டு குகையில் இறங்கியிருந்தார்கள். என் தங்கை அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டது கூட இல்லை. ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் விழுந்தாள். "அம்மா, கயித்தை விடாதம்மா" என்று பெண் கத்த, "எதுடி கயிறு?" என்று இவள் கேட்க, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லேப்டாப் மிக்ஸி மாதிரி இரைந்தது. படம் நின்று நின்று நகர்ந்தது.

மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றார். உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் திரையையே பார்த்தார்.

"எத்தனை ஃப்ரேம் வருது?" என்றார்.

ஒரு நொடிக்குள் எத்தனை படம் மாறுகிறது என்கிற கணக்குக்குப் பெயர் ஃப்ரேம். "எனக்கு எண்ணத் தெரியாதுங்க. வந்து உக்காருங்க" என்றாள் என் தங்கை. "இதுல பாத்தா கண்ணு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லீவு முடிவதற்குள் அம்மாவும் பெண்ணும் விளையாட்டை முடித்துக் குகையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். சூட்கேஸிலிருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் துணிமணிகளை அடுக்கினாள் அந்தப் பெண். அவளிடம் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். "பரவாயில்ல மாமா. அப்பா சந்தோஷமாத்தான் இருக்காரு" என்றாள். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அப்போது இரட்டிப்பாயிற்று.

அவள் போன பிறகு வயர் வந்தது. மூடி மூடிக்கொண்டது. "வந்து பாருங்க மச்சான்" என்று ஃபோன் செய்தார். போனேன். குறை சொல்ல முடியாது. ஒரு செருப்புப் பெட்டி அளவுதான், சத்தமே இல்லை. திரையில் அதே குகையின் ஆரம்பம். பாறையில் வழிகிற தண்ணீர் கையை நீட்டினால் நனைந்துவிடும் போல இருந்தது. மேலே ஓர் ஆள் கயிற்றைப் பிடித்திருந்தான், அவன் மாப்பிள்ளை. கீழே இன்னோர் ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"அவளைக் கூப்பிட வேண்டியதுதானே? அங்கேருந்தே சேர்ந்து விளையாடலாமில்ல?"

"கேட்டேன் மச்சான். அவதான் ஏற்கெனவே முடிச்சிட்டாளாமே."

இன்னொரு கன்ட்ரோலர் மேஜை மேல் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் நான் பிடிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். அது அவளோட ஆளு." திரைப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நூத்தி நாப்பது ஃப்ரேம். சும்மா நிக்குறதே எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க."

பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. நின்றவனுடைய தலைமுடி காற்றில் அசைவது வரை தெரிந்தது. அவர் கயிற்றை இறக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கேலி செய்வதற்கென்றே பிறந்த நானும் அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரமே அவர் ஐந்து லிட்டர் பெட்டி ஒன்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

இதைப் படித்துக்கொண்டே நீங்கள் உங்கள் மச்சானையோ மாடி வீட்டுக்காரரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். நமக்குத்தான் விளையாட்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம் என்று நிம்மதியாகவும் இருக்கும். நல்ல ஷூ கிடைத்ததும் காலையில் உன்னோடு நடக்க வருகிறேன், நல்ல கேமரா வாங்கியதும் எல்லோரும் சேர்ந்து வெளியூர் போகலாம் என்றெல்லாம் நீங்கள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை அல்லவா? சந்தோஷம். அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். சற்று முன்னால் யாரோ வந்து உங்களை எதற்கோ கூப்பிட்டார்களே, நீங்களும் தலையைத் தூக்காமல் "இதோ, இதைப் படிச்சு முடிச்சிட்டு வந்துடறேன்" என்றீர்களே. இப்போது தூக்கிப் பாருங்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறார்களா?