பக் பொறுக்கும் பண்பாளர்கள்

போர்ட் கார்வெல் ஸ்டர்ஜன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி போன பருவத்தில் கடைசி இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய பருவத்திலும் அதே இடம்தான். ஆனால் அப்போது அதற்கு விபத்து என்று பெயர். இரண்டாம் முறையும் நடந்ததால் பிரச்சினை என்று அங்கீகரித்து, நிர்வாகம் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. அணியில் கோல் அடிக்க ஆள் இல்லை, எதிரி அடித்தால் தடுக்கவும் ஆள் இல்லை என்று ஊரில் சிலர் பேசிக்கொள்வது மேலோட்டமான பார்வை என்று குழு தள்ளுபடி செய்தது. ஆழத்தில் இருந்த காரணம் வேறு. வீரர்களிடம் பணிவு போதவில்லை.

ஆதாரமும் இருந்தது. பயிற்சி முடிந்ததும் பனித்தளத்தில் சிதறிக் கிடக்கும் பக்குகளை, அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லைகளை, குனிந்து பொறுக்கி வாளியில் போடுவது எந்த ஐஸ் ஹாக்கி அணியிலும் புதுப் பையன்களின் வேலை. நட்சத்திரங்கள் நேரே குளிக்கப் போய்விடுவார்கள். மட்டை பிடித்த காலம் தொட்டு அப்படித்தான். மட்டை பிடித்த காலம் தொட்டு ஸ்டர்ஜன்ஸ் கோப்பை வாங்கியதும் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று குழு முடிவுகட்டியது.

ஆகவே ஜூலை மாதத்தில் இளம் வீரர்களுக்கு நடத்தும் வளர்ச்சி முகாமுக்கு, ‘வீரர் பண்பு மேம்பாட்டு இயக்குநர்’ என்று ஒரு பதவி புதிதாக முளைத்தது. அதில் வந்து அமர்ந்தவர் கிராண்ட் வெதர்பி. அவர் முன்பு ஒரு சோபா கம்பெனியில் விற்பனையாளர்களுக்குப் புன்னகைக்கக் கற்றுக்கொடுத்தவர். சறுக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று நிர்வாகம் கருதியிருக்கலாம்.

தாராஸ் கோவல் அந்த முகாமுக்கு வந்து இறங்கினான். கனடாவின் சஸ்கச்சுவானில் மைரான் மாமாவின் பழைய கார் கடையில் கண்ணாடி துடைத்து, கார் விற்று, வாய் வளர்த்தவன். லீக்கில் இருக்கிற அணிகளெல்லாம் வரிசையாக உட்கார்ந்து பையன்களைத் தேர்ந்தெடுத்த நாளில் அவன் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தெரியாததால்தான் விட்டுவிட்டார்கள் என்று அவனே ஒரு சமாதானம் வைத்திருந்தான். ஸ்டர்ஜன்ஸிடம் கையெழுத்தாகாமல் மிச்சம் கிடந்தது ஒரே ஓர் ஒப்பந்தம். அது கிடைத்தால் ஹாக்கி. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் கார் கண்ணாடி.

முதல் நாள் வெதர்பி எல்லோரையும் பனித்தளத்தின் நடுவில் மண்டிபோட வைத்து உரையாற்றினார்.

“இங்க யாரும் யாரையும் மதிப்பிடப் போறதில்லை. மனசை லேசா வச்சுக்குங்க.”

பின்னால் காலரியில் வரிசையாக உட்கார்ந்திருந்த நிர்வாகத்து ஆட்கள், யார் யார் மனசை லேசாக வைத்துக்கொண்டார்கள் என்று கைக்கணினியில் குறித்துக்கொண்டார்கள்.

மதியம் கீன்வா சாலட் தட்டோடு நின்ற தாராஸை வெதர்பி ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, உனக்கு மட்டும் சொல்றேன். நாங்க பாக்கறது பணிவு. பயிற்சி முடிஞ்சதும் பக் பொறுக்கறானா இல்லையா, அவ்வளவுதான். இதை வெளிய சொல்லிடாத. தெரிஞ்சு செஞ்சா அது பணிவு இல்லையே.”

தாராஸுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேரில் தன்னை மட்டும் கூப்பிட்டுச் சொல்கிறார் என்றால், தன் முகத்தில் ஏதோ எழுதியிருக்க வேண்டும். விவரம் தெரியாமல் மென்றுகொண்டிருந்த மற்ற பையன்களை இரக்கத்தோடு பார்த்தான். அவர்களும் அவனை அதே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

சாயங்காலப் பயிற்சிக்கு விசில் ஊதி முடித்ததும் முகாம் மொத்தமும் பக்குகள்மேல் பாய்ந்தது.

வாளி கவிழ்ந்தது. ஒருவன் பல் ஆடியது. தாராஸ் ஒரு பக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். பின்களத்தில் ஆடும் ஒரு மலை மனிதன் வந்து அவன் காலைப் பிடித்து இழுத்தான்.

“நகருடா. அது என் பக்.”

“விடுடா. நான் இங்க பணிவா இருக்கேன்ல, கண்ணு தெரியல?”

“எனக்கு மட்டும்தான் சொன்னாருடா அவரு.”

“உனக்குமா?”

இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி கட்டிப் புரண்டார்கள். காலரியில் இருந்தவர்கள் எழுந்து நின்று குறித்தார்கள்.

அறையில் தாராஸோடு தங்கியிருந்தவன் ஒன்னி என்ற பின்லாந்துக்காரன். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவன். ஆகையால் பணிவு தேவைப்படாதவன்.

“முழங்கைல என்னடா காயம்?” என்றான் ஒன்னி.

“பக் பொறுக்கினேன்.”

“எங்க ஊர்ல பக் அடிச்சாத்தான் காயம் படும்.”

“உனக்கு நாட்டு நடப்பு தெரியாது, மச்சி. பேசாம தூங்கு.”

ஆனால் தாராஸ் சும்மா அடிபட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. ஓடாத வண்டியை ஓட்டுகிறவன் தலையில் கட்டிய பரம்பரை. மறுநாள் காலையிலேயே பேரத்தை ஆரம்பித்தான். எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும்? பனித்தளத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். இந்த மூலை எனக்கு, அந்த மூலை உனக்கு. மலை மனிதன் நடுக்கோட்டை எடுத்துக்கொள்ளட்டும். உடல்தகுதி பார்க்கும் சைக்கிள் சோதனையில் என் முறையை உனக்குத் தருகிறேன், பதிலுக்கு இடதுபக்க வேலியோரத்தை எனக்கு விட்டுக்கொடு. ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். தாராஸுக்குத் தன் மூளையை எண்ணிப் புல்லரித்தது. மூளை எப்போது தன்னைப் புல்லரிக்க வைத்தாலும் கூடிய சீக்கிரம் உதை விழும் என்பது அவன் அனுபவம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கத்தான் செய்தது.

மூலை சொந்தமானதும் அடுத்த சிக்கல் தானாக வந்தது. கோலைப் பார்த்து அடித்தால் பக் கோலுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அது அடுத்தவன் எல்லை. தன் மூலையில் பக் சேர வேண்டுமென்றால் தன் மூலைக்குத்தான் அடிக்க வேண்டும். அடித்தார்கள். பயிற்சியாளர் தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்துவிட்டு வெதர்பியிடம் ஓடினார்.

“ஐயா, ஒருத்தன்கூட கோல் பக்கம் அடிக்க மாட்டேங்கறான்.”

“கவனிச்சேன்,” என்றார் வெதர்பி, கண் கலங்கி. “ஒருத்தருக்கும் தான் கோல் போடணும்கற சுயநலம் இல்லை. இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைக்கும்னு நானே எதிர்பார்க்கலை.”

இந்தப் பண்பு வளர்ச்சியால் பாதிக்கப்பட்டவன் ஒருவன்தான். ரெமி பூலியோ, கியூபெக்கிலிருந்து வந்த கோல்கீப்பர். கவசமும் மெத்தையும் கட்டிக்கொண்டு குனிய முடியாது. ஆகவே பக் பொறுக்க முடியாது. தடுத்துக் காட்டலாம் என்றால் யாரும் அடிப்பதும் இல்லை. அவனுக்கும் ஒப்பந்தம் இல்லை. முகாம் முழுக்க ஒரு கோல்கூட விடவில்லை என்று அவனுக்குப் பாராட்டு மட்டும் வந்தது.

கடைசி நாள் ரசிகர்கள் முன்னால் காட்சி ஆட்டம். சந்தா கட்டிய குடும்பங்கள் வெயிலிலிருந்து தப்பி, ஸ்வெட்டரும் சோளப்பொரியுமாக வந்து உட்கார்ந்தன. இடைவேளைவரை இரு தரப்பும் பக்கை ஒருவருக்கொருவர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தன. யாரும் கோல் அடிக்கவில்லை. அடிக்க முயன்றதாகவும் யாரும் குற்றம் சாட்ட முடியாது.

இடைவேளையில் ரெமி தாராஸைத் தேடி வந்தான்.

“மச்சி, என் பக்கம் ஒரே ஒரு ஷாட் அடிடா. நான் தடுக்கணும். இல்லேன்னா நான் கோல்கீப்பரா கோல் கம்பமான்னு வீட்ல கேப்பாங்க.”

“அடிச்சா என் பணிவு என்னாகறது?”

“நெஞ்சுக்கு நேரா அடி. போட்டமாதிரியும் இருக்கும், போடாதமாதிரியும் இருக்கும்.”

தாராஸ் யோசித்தான். “சரி. தடுத்ததும் பக்கை என் காலடில போடு. நான் குனிஞ்சு எடுத்து நடுவர் கைல மரியாதையா கொடுப்பேன். ஊரே பாக்கும்.”

“வேகம்?”

“மெதுவாத்தான்.”

“ரொம்ப மெதுவா வேணாம்டா, எனக்குக் கேவலம்.”

“முக்கால் வேகம். அதுக்கு மேல கேக்காத.”

கை குலுக்கினார்கள். தாராஸுக்கு மறுபடியும் புல்லரித்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பக் அவனிடம் வந்தது. சொன்ன சொல் தவறாமல், முக்கால் வேகத்தில், ரெமியின் நெஞ்சுக்கு நேராக அடித்தான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு குறிபார்த்து அடித்ததில்லை. முகாம் முழுக்கத் தன்னை நோக்கி ஒரு பக்கும் வராமல் நின்று பழகிய ரெமி, கறுப்பாக ஏதோ வருவதைக் கண்டு, கல்யாண வீட்டில் பெரியவருக்கு வழிவிடுகிறவன்போல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான்.

கோல்.

அரங்கம் எழுந்து நின்று கூத்தாடியது. தாராஸ், அடுத்தவன் காரை இடித்துவிட்டவன்போலத் தலையில் கைவைத்து நின்றான்.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றான்.

“வந்துதுடா,” என்றான் ரெமி. “நிஜமாவே வந்துது.”

மாலையில் வெதர்பியின் அறைக்கு அழைப்பு வந்தது. உள்ளே ரெமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். கையில் பேனா.

“உக்காரு, தம்பி,” என்றார் வெதர்பி. “இந்த முகாம்ல எல்லாரும் விட்டுக்கொடுத்தாங்க. ஆனா யாரும் கோலையே விட்டுக்கொடுக்கலை. இவரு கொடுத்தாரு. நெஞ்சுக்கு நேரா வந்த பக்கு. ஒரு கோல்கீப்பருக்கு அதைவிடப் பெரிய சொத்து ஏது? ஒதுங்கி, சக வீரனுக்கு வழிவிட்டாரு. ஒப்பந்தம் இவருக்கு. நீயும் கை தட்டு.”

தாராஸுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. ஏறினால் வாய் நிற்காது. அது குடும்ப நோய்.

“வழி விட்டானா? ஐயா, அது வியாபாரம். நெஞ்சுல அடிக்கறேன்னு நான்தான் பேசினேன். முக்கால் வேகம்னு முடிவு பண்ணினோம். புடிக்க வேண்டியவன் புடிக்கல.”

வெதர்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ நீ வேணும்னே கோல் போடாம இருக்கப் பாத்தியா?”

“ஆமா. போடக்கூடாதுன்னுதான் அடிச்சேன்.”

“அடேயப்பா. அது இவரைவிடப் பெரிய பணிவாச்சே.”

தாராஸ் நிமிர்ந்தான். விட்ட ஒப்பந்தம் திரும்பி வருகிற வாசனை. “அதைத்தான் ஐயா நானும் சொல்றேன். இந்த முகாம்லயே என்னை மாதிரி பணிவானவன் கிடையாது.”

வெதர்பி வருத்தத்தோடு தலையாட்டினார். “இப்படிச் சொல்லிட்டியே. சொல்லாம இருந்திருந்தா கொடுத்திருப்பேன்.”

ரெமி கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை மிகுந்த பணிவோடு மேசைமேல் வைத்தான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மைரான் மாமா வண்டியோடு காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சஸ்கச்சுவான் வழக்கப்படி வெதர்பியின் வம்சத்தையே வரிசையாக நினைவுகூர்ந்தார். மூட்டையைப் பின்னால் எறிந்தார்கள். புறப்பட்டார்கள். ஒரு கார் நீளம் போனதும் வண்டி நின்றது.

வாசலில் நெரிசல். மலை மனிதனின் அப்பா எதிர்க் காருக்குக் கைகாட்டினார், நீங்கள் போங்கள் என்று. எதிர்க் காரில் இருந்த அம்மா, இல்லை இல்லை, நீங்கள் முதலில் என்றாள். மூன்றாவது காரில் இருந்தவர் இருவருக்கும் வழிவிட்டுப் பின்னுக்கு வந்தார். முகாமில் இருந்த அத்தனை குடும்பமும் ஒருவருக்கொருவர் வழிவிட்டபடி, ஒரு காரும் நகராமல் நின்றது. யாரோ தெரியாமல் ஹாரனைத் தொட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

“இவனுங்களுக்கு என்ன கேடு,” என்றான் தாராஸ். “ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. இருந்தது ஒண்ணு, அதையும் கோல் கம்பம் வாங்கிட்டான். மாமா, நீ உள்ள பூந்து எடு.”

மைரான் மாமா வாழ்நாளில் யாருக்கும் வழிவிட்டதில்லை. ஒரு முறை ஆம்புலன்ஸோடு பந்தயம் விட்டவர். அவர் கியரில் கை வைத்தார். அப்புறம் மெல்ல நிமிர்ந்து, மாடியில் வெதர்பியின் ஜன்னலைப் பார்த்தார். தாராஸும் பார்த்தான். விளக்கு அணைந்திருந்தது. அந்த அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் பின்வாசல் வழியாக எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

“ஒருத்தரும் இல்ல மாமா.”

“தெரியுது.”

“அப்ப போ.”

மாமா கியரிலிருந்து கையை எடுத்து, கண்ணாடியை இறக்கி, முகம் நிறையப் புன்னகையோடு பக்கத்துக் காருக்குக் கைகாட்டினார்.

“நீயும் கொஞ்சம் சிரிடா,” என்றார் உதட்டை அசைக்காமல். “அடுத்த வருஷமும் முகாம் இருக்குல்ல.”

தாராஸ் சிரித்தான்.