குப்பை என்று எழுதப்பட்ட வீடு

ஒரு காட்டில், சுற்றுலா வந்தவர்கள் வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் குப்பை, மரங்களோடு போட்டி போட்டு வளர்ந்துகொண்டிருந்த ஒரு காட்டில், மாசிலாமணி என்றொரு பெருச்சாளி ஆற்றங்கரையில் குடியிருந்தது. வருஷா வருஷம் வெள்ளம் வரும், வளை போகும். மூன்றாவது முறை போனபோது அதன் மனைவி அஞ்சலை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"நிக்கிற வீடா ஒண்ணு கட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

மாசிலாமணிக்குத் தூக்கம் போயிற்று. சும்மா புரண்டுகொண்டு கிடப்பானேன் என்று பால் கவர், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி, மணலோடு சேர்த்து உருக்கி, அச்சில் வார்த்துக் கல்லாக்கியது. ஆறு மாதத்தில் வீடு எழும்பிவிட்டது. நிறத்தைப் பார்த்தால்தான் கண் கூசும்.

"அண்ணே, மழை வந்தா வீடு மிதந்து கடலுக்குப் போயிரும். போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடுங்க," என்றது பக்கத்து வளை முயல் சொர்ணம்.

மழை வந்தது. வெள்ளமும் வந்தது. தெருவில் இருந்த வளையெல்லாம் கரைந்தது. அந்த வீடு மட்டும் நின்றது. சொர்ணத்தின் குடும்பம், மொத்தம் பதினேழு முயல்கள், மூன்று நாள் அதற்குள்தான் காதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாசிலாமணி மேட்டுக்காட்டுக்குச் சொல்லி அனுப்பியது.

நான்காம் நாள் நிவாரணக் கணக்கெடுப்புக்குக் கொக்கு வந்தது. ஒற்றைக்காலில் நின்றபடியே படிவத்தைப் புரட்டியது.

"தெருவில் ஒரு வீடு நின்றாலும் அங்கே வெள்ளம் வரவில்லை என்று அர்த்தம். விதி அப்படி. யாருக்கும் நிவாரணம் கிடையாது."

"சார், என் வால் இன்னும் காயலையே!" என்றது சொர்ணம்.

"வாலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லையேம்மா."

எல்லாக் காதுகளும் மாசிலாமணி பக்கம் திரும்பின. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு சுவர்..." என்று இழுத்தது சொர்ணம்.

மாசிலாமணி அந்த ஈரக் காதுகளைப் பார்த்தது. "இடிச்சுக்குங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முயல்கள் யானையை அழைத்து வந்தன. யானை முட்டியது, முதுகைக் கொடுத்துத் தள்ளியது. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டது. "என் இடுப்புதான் போச்சு. யாருய்யா இதுக்கு மேஸ்திரி?"

மாசிலாமணி கூச்சத்தோடு கையைத் தூக்கியது.

கொக்கு அருகே போய் அலகால் சுவரைச் சுரண்டியது. "இது பிளாஸ்டிக் அல்லவா? அப்படியானால் வீடே இல்லை, குப்பை. ஆகவே தெருவில் எந்த வீடும் நிற்கவில்லை. எல்லோருக்கும் நிவாரணம் உண்டு!"

முயல்கள் துள்ளின. மாசிலாமணி கையில் மட்டும் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது: ஆற்றங்கரையில் குப்பை கொட்டிய குற்றம், ஏழு நாளில் ஆட்கள் வந்து அள்ளிச் செல்வார்கள்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை குட்டிகளோடு வந்து சேர்ந்தது. நோட்டீஸை வாங்கி இரண்டு தடவை படித்தது.

"நிக்கிற வீடுதான் கட்டுனேன் அஞ்சலை," என்றது மாசிலாமணி, தரையைக் கீறிக்கொண்டே. "குப்பைன்னு எழுதிட்டாங்க."

"முத்திரை குத்தியிருக்கா?"

"குத்தியிருக்கு."

"அப்பறம் என்ன, உள்ள வாங்க," என்று அஞ்சலை குட்டிகளை வாசலுக்குள் தள்ளியது. "இந்தக் காட்டுல குப்பை அள்ள இதுவரைக்கும் யாரு வந்திருக்கா?"

நீதி: வீடு என்றால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இடிக்க வருவார்கள். குப்பை என்று முத்திரை வாங்கிவிடு; ஏழு தலைமுறைக்கு ஒருவரும் தொடமாட்டார்கள்.