சம்மணம் போடாத முழங்கால்கள்

ஆராய்ச்சி என்று கிளம்புகிற இளைஞனுக்கு ஊரில் உள்ள எல்லாருடைய முழங்காலைப் பற்றியும் தெரிந்திருக்கும். சொந்த வீட்டில் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. அதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் அந்தப் பழைய களைப்பு கால் வழியாக ஏறுகிறது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். திருச்சியில் ஒரு மருத்துவமனையின் எலும்பு வார்டில் நான் புது டாக்டர். எங்கள் சீஃப் சனிக்கிழமைதோறும் அரியலூருக்குப் போய் மூட்டுவலிக்காரர்களைப் பார்ப்பார். மாத்திரையைக் குறைத்துவிட்டு, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பார். தொடைச் சதை பலப்பட்டால் முழங்கால் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. மணல் பை கட்டிவிட எதற்கு ஒரு ஜீப், ஒரு டிரைவர் என்று கேட்டார்களாம். பலன் இருக்கிறது என்று எழுத்தில் காட்டினால் கிளினிக் தொடரும். இல்லையென்றால் மூடல்.

வீடு வீடாகப் போய் அந்தப் பலனைக் கண்டுபிடித்து வர நான் கை தூக்கினேன். (வேறு யாரும் தூக்கவில்லை. அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.)

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் நோயாளியால் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஜனங்கள் நாற்காலிக்கு எங்கே போவார்கள்? ஆகவே நானே ஒரு பரிசோதனையை உண்டாக்கினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், கையை ஊன்றாமல் எழ வேண்டும். சீஃப் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலின் வேகத்திலேயே பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டேன்.

சித்திரை வெயில். சுண்ணாம்புக்கல் லாரி ஒவ்வொன்றும் கடந்து போகும்போது எனக்கு ஒரு கோட் வெள்ளையடித்துவிட்டுப் போனது. போன வீட்டிலெல்லாம் ஒரே காட்சிதான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது ஒரு நாற்காலி கொண்டுவந்து, துண்டால் தட்டிப் போடுவார்கள். நான் உட்காருவேன். நோயாளி நிற்பார். பெரும்பாலும் ஐம்பதை நெருங்கும் பெண்கள்.

"உக்காருங்கம்மா."

"இருக்கட்டுங்க சார், நிக்கிறேன்."

மறுபடி சொன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுப் பக்கமாக நகர்வார்கள். நானோ படித்தவன். வலி இருப்பதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு நோயாளிகள் மறைப்பார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. 'உட்கார இயலவில்லை, மறைக்கிறார்' என்று எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடப்பேன்.

ரஞ்சன்குடியில் குடையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். கொஞ்ச நேரம் முன்னால் 'நிக்கிறேன்' என்று சொன்ன அதே அம்மாள் தரையில் சம்மணம் போட்டு, முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை ஊன்றாமல் துள்ளி எழுந்தார். உண்மை அவ்வளவு அருகில் வந்து என் குடையையும் எடுத்துக் கையில் கொடுத்தது. நான் எழுதியது: 'உட்கார்ந்தால் வலி பொறுக்கவில்லை. பதறி எழுகிறார்.'

கடைசி வீடு கீழப்பழுவூரில். அங்கே நாற்காலிமேல் பூப்போட்ட துண்டு விரித்திருந்தது. காப்பி, முறுக்கு, வறுத்த முந்திரி எல்லாம் வந்தன. விஞ்ஞானத்துக்கு இப்படி மரியாதை செய்கிற வீடும் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். வீட்டுக்காரர், மேலே படிக்கிற உத்தேசமா, படித்து முடித்ததும் திருச்சியிலேயே இருப்பேனா, சொந்த ஊரான ஜெயங்கொண்டத்துக்கு வந்துவிடுவேனா என்று கேட்டார். ஆராய்ச்சியில் அவருக்கு இருந்த அக்கறை என்னைக் கவர்ந்தது.

நோயாளியான அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தோடு பதில் சொன்னார். ஒரு தடவை உட்கார்ந்து காட்டச் சொன்னேன். சமையலறைக்குள் மறைந்துவிட்டார். உள்ளே ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஏன் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. 'மிக மோசம். நிற்பதற்கே கதவைப் பிடிக்க வேண்டியிருக்கிறது' என்று முடித்தேன்.

என் அறிக்கையைப் படித்துவிட்டு சீஃப் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்ப இத்தன நாளும் இந்த ஜனங்கள நான் ஏமாத்திட்டு இருந்திருக்கேனா?" என்றார். மேலே அனுப்புவதற்கு முன் அந்த மிக மோசமான முழங்காலைத் தானே ஒரு முறை பார்த்துவிடுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை அரியலூருக்கு அந்த அம்மாள் புருஷனோடு வந்தார், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே. நான் எக்ஸ்ரே எடுத்துவரப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த சீஃப்பின் எதிரில் அந்த அம்மாளும் சம்மணம் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். என் தலை தெரிந்ததுதான் தாமதம், விருட்டென்று எழுந்து பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார்.

"ஏம்மா, எங்கிட்ட உக்காந்து காட்டினீங்க. இவரு கேட்டப்ப ஏன் உக்காரல?"

பீரோ பதில் சொன்னது. "அவுரு முன்னாடி எப்படிங்கய்யா உக்காருறது? எங்க பொண்ணுக்குப் பாத்திருக்கற மாப்புளைங்க அவுரு."

சீஃப் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளின் புருஷனைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். "தம்பியோட தாய்மாமன் பேசி முடிச்சிட்டாருங்க. மேல்படிப்புப் பரீட்ச முடியட்டும், அப்பறமா தம்பிக்குச் சொல்லிக்கலாம்னாரு."

(ஒரு மனிதனுக்குக் கல்யாணம் நிச்சயமானதை எக்ஸ்ரேயும் கையுமாக நிற்கும்போது சொல்லக்கூடாது. நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.)

சீஃப்புக்குச் சட்டென்று ஏதோ பிடிபட்டது. மற்ற வீடுகளிலும் நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டாயா என்றார். ஆமாம் என்றேன். "ஒங்க வூட்டுக்கு ஒரு டாக்டர் வந்து நாற்காலியில உக்காந்தா, ஒங்கம்மா அவரு எதிர்ல சம்மணம் போட்டு உக்காருவாங்களாய்யா?"

அம்மாவை நினைத்துப் பார்த்தேன். எக்ஸ்ரேயை நேராகத் திருப்பிப் பிடித்தேன்.

மறுபடியும் எல்லா ஊருக்கும் போனேன், அதே வெயிலில். இந்தத் தடவை ஒரு நர்ஸம்மா உள்ளே போய்ப் பார்த்தார். நான் வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். (அங்கேயும் நாற்காலி வந்தது.) உள்ளே முழங்கால்கள் சமர்த்தாக மடங்கின. ஒன்றிரண்டு மட்டும் நிஜமாகவே மடங்கவில்லை, அதையும் அப்படியே எழுதினோம். கிளினிக் பிழைத்தது.

கல்யாணமும் நடந்தது. அன்று சமையலறையில் சிரித்தவள்தான் என் மனைவி. இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். அத்தை மட்டும் இன்றுவரை என் எதிரில் உட்கார்ந்ததில்லை. எவ்வளவோ கெஞ்சியாகிவிட்டது. பயிற்சியால் தேறிய முழங்கால், நான் கீழப்பழுவூர் போய்வரும் ஒவ்வொரு பண்டிகைக்கும் வீங்கிக்கொள்கிறது. எலும்பு டாக்டரான மருமகன் அங்கே வலி குறைக்க எழுதித் தரக்கூடிய ஒரே மருந்து, தான் ஊருக்குக் கிளம்புவதுதான்.

போன பொங்கலுக்கும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் கொஞ்சம் காலை நீட்டினேன். சுவரோரம் அத்தை கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். மாமனார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"மாப்புள, கடத்தெரு வரைக்கும் ஒரு நட போயிட்டு வாங்களேன். ஒங்க அத்த செத்த நேரம் உக்காரட்டும்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.