ம் கொட்டிய பியர் வாளி

"எட்டாம் நாள், செவ்வாய். பத்தொன்பது டிகிரி. குமிழி நின்றுவிட்டது. கதையரும் வாயை மூடிவிட்டார்." 1987 நவம்பரில் என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். இல்ஃபோர்டில் எங்கள் வீட்டையே நடுங்க வைத்தது அந்தக் கடைசி வரிதான்.

ஏனென்றால், நாங்கள் 'கதையர்' என்று பட்டம் வைத்த அவரைவிட அதிகம் பேசிய மனிதர் லண்டனில் பிறக்கவில்லை. குளியலறைக்குள் இருப்பவருக்கும் கதவுக்கு வெளியே நின்று கதை சொல்வார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் அவரோடு வாடகைக்கிருந்த நாங்கள் நால்வரும் உடனே நித்திரை.

ஊரில் சண்டை. அவர் மனைவியிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அதைப்பற்றி மட்டும் அவர் பேசமாட்டார். மனதைத் திருப்பலாம் என்று அவருக்கு பியர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தேன். மூன்று நூலகப் புத்தகங்கள் படித்து, தெர்மாமீட்டரோடு செய்கிறவன் நான். முளைத்த பார்லியில் செய்த மால்ட் பாகை வெந்நீரில் கரைத்து, சீனி போட்டு, ஆறவிட்டு, யீஸ்ட் தூவி, வாளியை மூடிப் படிக்கட்டுக்குக் கீழிருந்த அலுமாரிக்குள் வைத்தோம். மூடியில் தண்ணீர் நின்ற வளைந்த குழாய். உள்ளே காற்றுச் சேர்ந்தால் அதன் வழியே குமிழி வரும்.

மறுநாள் கதையர் அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"ஐசே, இது ம் கொட்டுது!"

"அது காத்து, அண்ணை. யீஸ்ட் சீனியைத் தின்னுது."

"தின்னுற வாய் இருந்தா கேக்கிற காதும் இருக்கும்தானே?"

உண்மையில் அது 'ம்' என்றுதான் கேட்டது. அவர் ஒரு வசனம் சொல்லி நிறுத்துவார், இருட்டுக்குள்ளிருந்து 'ம்'. சோகமான இடத்தில் மெதுவாக. பகிடியான இடத்தில் மூன்று தரம் சேர்ந்து. மற்றவர்கள் அந்த அலுமாரியைச் சுவரோடு ஒட்டிக் கடந்தார்கள். ஒருவர் திருநீறு பூசினார். தனக்கல்ல, வாளிக்கு.

எட்டாம் நாள் கதையர் மெல்லக் கேட்டார்: "மனுசி உயிரோட இருக்கிறாவோ?"

வாளி பேசவில்லை.

"குமிழி நிண்டா வேலை முடிஞ்சுது, அண்ணை. இனிப் போத்தல்ல விடலாம்."

"தொடாதையும் ஐசே. அது இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

மூன்று நாள் அவர் பேசவில்லை, சாப்பிடவுமில்லை. அவருடைய கதைக்கு ஒளித்த நாங்கள் இப்போது அவருடைய மௌனத்துக்கு ஒளித்தோம். வாளியைச் சூடாக்கினால் இன்னும் சில குமிழிகள் வரும் என்று புத்தகத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன், சின்ன மின்சார ஹீட்டர் ஒன்றை வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மாலை நான் வந்தபோது அவர் அதே கேள்வியை மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ம்."

ஒரேயொரு தரம். காரணம் தெரிந்த நானே சப்பாத்தைக் கழற்ற மறந்து நின்றேன். கதையர் எழுந்துபோய் மூன்று கோப்பை புட்டுச் சாப்பிட்டு, புட்டைப் பற்றியே ஒரு கதை சொன்னார்.

ஹீட்டரை எடுக்கப் போனேன். அது குளிர்ந்து கிடந்தது. சுவரிலிருந்த சுவிட்ச் போடப்பட்டிருக்கவில்லை. காலையில் நான் மறந்தேனா, யாராவது நிறுத்தினார்களா? ஒவ்வொருவராகக் கேட்டேன். "சிவ சிவா, அதுக்குக் கிட்டப் போவனோ?" என்றார் திருநீறு பூசியவர்.

தை மாதம் கடிதம் வந்தது. அடுத்த வருடம் அந்த மனைவியே வந்தார். கதையரின் கதைக்கு அவர் ம் கொட்டுவதேயில்லை.

குளிர்ந்த வாளி அன்று ஏன் குமிழி விட்டது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அதே அளவில் இன்னொரு வாளி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடும். நான் வைக்கவில்லை. தெரிந்துவிட்டால் கதையரிடம் சொல்லவேண்டி வரும்.