டாக்குரியாவை நடுவில் வைத்த மேப்-தா

கிரீன்லாந்து மீது மேப்-தாவுக்கு இருந்த கோபத்தில் கால் பங்குகூட எனக்கு என் மேலதிகாரி மீது இருந்ததில்லை. இத்தனைக்கும் கிரீன்லாந்துப் பக்கம் மேப்-தா போனதே கிடையாது. "பொய் சார், முழுப் பொய்! மேப்புல ஆப்பிரிக்கா சைஸுக்கு உக்காந்திருக்கு பாருங்க. நெஜத்துல ஆப்பிரிக்காவுக்குள்ள பதினாலு கிரீன்லாந்து அடங்கும்" என்று குதிப்பார்.

கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்த கும்பகோணத்துக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடப் பிரிவு. அக்கம்பக்கத்து வங்காளிகள் 'மேப் அண்ணா' என்ற பொருளில் மேப்-தா ஆக்கிவிட்டார்கள். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது.

உருண்டை உலகத்தைத் தட்டைத் தாளில் இறக்குவதற்குப் பெயர் புரொஜெக்ஷன். எப்படி இறக்கினாலும் ஏதாவது ஒன்று கெடும், எதைக் கெடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். அவரோடு போன லிஃப்ட் பாதியில் நின்றுபோன இருபது நிமிடத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். தப்பிக்க வழியில்லை.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பிரித்தார். மார்க்கெட் காய்கறிக்காரர் ஈக்வல் ஏரியா: ஆள் கோணல்மாணல், அளவில் பிசகே இல்லை. குடியிருப்புச் செயலாளர் மெர்கேட்டர், அதாவது கிரீன்லாந்தை வீங்க வைக்கும் அந்தச் சுவர்ப்பட வகை.

"ஏன் சார்?"

"நடுவுல இருக்கறவரைக்கும் ஒழுங்கா இருப்பார். கொஞ்சம் தள்ளிப் போகட்டும், எவ்ளோ பெருசா வீங்கறார்னு பாருங்க!"

"அப்ப நான்?"

"நீங்க கூம்பு புரொஜெக்ஷன். நடுவாந்திரத்துல பரவால்ல."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இந்தச் சமயத்தில் என் மகளுக்குக் கனடாவில், வான்கூவரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். என் மனைவி சுவரில் இருந்த உலகப் படத்தில் கொல்கத்தாவில் கட்டைவிரலை வைத்து, ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் தாண்டி அளந்தாள்.

"மெட்ராஸே ஒரு விரக்கடைதான். இது ரெண்டரை ஜாண்! நான் செத்தாகூட வந்து சேர மாட்டா. வேண்டாம்."

"மா, ப்ளீஸ்!" என்ற மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளாக இருவரும் இறங்கி வரவில்லை. வேறு வழி தெரியாமல் மேப்-தாவைக் கூப்பிட்டேன்.

ஒரு பம்பளிமாஸ், தையல் நூல், இரண்டு குண்டூசியோடு வந்தார். "மெர்கேட்டர்ல போயி ஜாண் போட்டீங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பழத்தில் ஒரு ஊசி கொல்கத்தா, ஒரு ஊசி வான்கூவர். நூலை இழுத்துக் கட்டினார். அது பழத்தின் உச்சிப் பக்கமாக ஏறி இறங்கியது.

"பாத்தீங்களாம்மா? சைபீரியா, அலாஸ்கா, வந்தாச்சு. எவ்ளோ சுருக்கு!"

என் மனைவி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பழத்துல கிட்டதான் இருக்கு சார். பொண்ணு?"

மேப்-தா ஊசிகளைப் பிடுங்கி நூலைச் சுருட்டினார். பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழன் காலையில் ஒரு பெரிய சார்ட் தாளோடு வந்தார். வட்டமாக ஓர் உலகம். தென்னமெரிக்கா ஓரத்தில் இழுபட்டு, ஊற்றத் தெரியாதவர் ஊற்றிய தோசை போல் இருந்தது. நட்டநடுவில் சிவப்புப் புள்ளி, 'டாக்குரியா'.

"இது அசிமுத்தல் ஈக்விடிஸ்டன்ட்மா. உருவம் போச்சு, பரப்பும் போச்சு. ஆனா நடுவுலேர்ந்து தூரம் பொய் சொல்லாது, தெசையும் பொய் சொல்லாது. உங்க வீட்லேர்ந்து அவகிட்ட ஒரே நேர்கோடு."

என் மனைவி புள்ளியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். ஓரத்துக்குப் போகும் வழியில் பாதிக்குச் சற்று மேல் போனதும் வான்கூவர் வந்துவிட்டது. விரலை எடுக்காமலே கேட்டாள்.

"சார், அவ ஊரை நடுவுல வெச்சு இன்னொண்ணு போட்டுத் தர்றீங்களா? நாங்க எந்தப் பக்கம் இருக்கோம்னு அவளுக்கும் தெரியணும்ல?"

மேப்-தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே மகளின் அறைக்கதவு திறந்தது.

இரண்டாவது படம் இப்போது வான்கூவரில் அவளுடைய விடுதிச் சுவரில் இருக்கிறது. மகள் போட்டோ அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். டாக்குரியா புள்ளிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அம்மா, அப்பா'. அதற்குக் கீழே, இன்னும் பொடியாக, 'மேப்-தா'.

அவர் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய் ஆறு மாதம் ஆகிறது. அந்தப் புள்ளியை விட்டு மட்டும் நாங்கள் அவரைக் காலி பண்ண விடுவதாக இல்லை.